சிபார்சும் தொழிற்பழக்கமும்

உத்தியோகம் தேடிப் புறப்படும் வாலிபர்களுக்கு இப்பொழுது எங்கும் ஓர் உபதேசம் செய்யப்பட்டு வருகிறது. பட்டம் மட்டும் போதாது, தொழிலில் உள்ளவர்களின் பழக்கத்தைத் தேடிக்கொள்ள வேண்டும், தேடிக்கொண்ட பழக்கத்தை நழுவ விடாமல் காப்பாற்றிக்கொள்ளவும் வேண்டும் என்பது அந்த உபதேசம். கல்லூரிகளில் இதற்கென்றே பிரசங்கங்கள் நடக்கின்றன. ‘நெட்ஒர்க்கிங்’ என்று இதற்கு ஓர் ஆங்கிலப் பெயரும் வழங்குகிறது. பெயர் புதிது, சங்கதி மிகப் பழையது. சிபார்சு என்ற சொல்லை அறியாத தமிழ்க் குடும்பம் எங்கே இருக்கிறது?

நமது தேசாபிமானிகளில் ஒரு சாரார் இவ்வுபதேசத்தைக் கேட்டவுடனே முகம் சுளிக்கிறார்கள். தகுதியுள்ளவன் தலை நிமிர்ந்து முன்வாசல் வழியாகப் போகவேண்டுமேயன்றி, பெரிய மனிதர் வீட்டுத் திண்ணையில் காத்துக் கிடக்கலாகாது என்பது அவர்கள் கட்சி. உலகம் என்றும் அப்படித்தான், பிழைக்கத் தெரிந்தவன் பழக்கத்தால் பிழைக்கிறான் என்று மற்றொரு சாரார் சமாதானம் கூறுகிறார்கள். முந்தியவர்களின் ரோஷத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் ரோஷத்தை மட்டும் நம்பியிருக்கும் ஏழை வீட்டுப் பட்டதாரி எந்த வாசல் வழியாகவும் உள்ளே போகாமல் நின்றுவிடுகிறான் என்பதை அவர்கள் கவனிக்க வேண்டும்.

சிபார்சைச் சட்டத்தினால் கட்டுப்படுத்தும் முயற்சி நமது நாட்டில் நெடுங்காலமாக நடந்து வந்திருக்கிறது. மாகாண உத்தியோகங்களுக்குப் பரீட்சை வைத்து ஆள் எடுக்க ஒரு சர்வீஸ் கமிஷனை இந்தியாவிலேயே முதன்முதலாக 1929-ல் ஏற்படுத்தியது சென்னை மாகாணம். அதற்கு வெகு காலத்துக்குப் பின்னர், மத்திய சர்க்கார் தனது கீழ்நிலை உத்தியோகங்களுக்கு நேர்முகப் பேட்டியையே 2016 ஜனவரி 1 முதல் எடுத்துவிட்டது. எழுத்துப் பரீட்சையில் வாங்கிய மார்க்கை மாற்றுவது கடினம். பேட்டியில் மார்க்கைக் கூட்டுவதும் குறைப்பதும் எளிது என்ற அனுபவமே இதற்குக் காரணம். இவையெல்லாம் சர்க்கார் உத்தியோகத்துக்கு மட்டும் பொருந்தும். தனியார் கம்பெனிகளின் வாசலில் இத்தகைய காவல் எதுவும் கிடையாது. படித்த வாலிபர்களில் பெரும்பாலோருக்கு இனிமேல் பிழைப்பு அங்கேதான் என்பதை எவரும் மறுக்க முடியாது.

அங்கே நடப்பது என்ன? ஒரே ஒரு வேலை காலியென்று தெரிந்தால் விண்ணப்பங்கள் வந்து குவிகின்றன. அவற்றை முதலில் சலித்துத் தள்ளுவது பல இடங்களில் இயந்திரம். அந்தக் குவியலுக்கு அடியில் அகப்பட்டுக்கொண்ட வாலிபனுக்குப் பதில் வருவதில்லை. தன் விண்ணப்பத்தை எவரேனும் படித்தாரா என்பதுகூட அவனுக்குத் தெரிய வழியில்லை. அதே கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவர், ‘இவனை எனக்குத் தெரியும், நன்றாக வேலை செய்வான்’ என்று இரண்டு வரி எழுதினால் அந்த விண்ணப்பம் மேலே வந்துவிடுகிறது. இதற்கு ‘ரெபரல்’ என்று பெயர். ஊழியர் கொண்டுவந்த ஆள் வேலைக்கு அமர்ந்தால், ஊழியருக்கு இனாம் கொடுக்கும் கம்பெனிகளும் பல உண்டு. முதலாளியின் நோக்கிலிருந்து பார்த்தால் இது அக்கிரமம் அன்று. முன்பின் தெரியாதவனை எடுப்பதைக்காட்டிலும், தெரிந்தவர் பொறுப்பேற்கும் ஆளை எடுப்பதில் அவருக்குச் செலவும் அபாயமும் குறைவு. ஆனால் அந்த இரண்டு வரியை எழுத ஓர் ஆள் இல்லாதவன் கதி என்ன என்பதை அவர் யோசிப்பதில்லை. யோசிக்க வேண்டிய கடமை அவருக்கு இருப்பதாகவும் இதுவரை எவரும் சொல்லவில்லை.

இவ்விஷயத்தை ஆராய, தமிழர் அனைவரும் அறிந்த ஒருவருடைய சரித்திரத்தையே எடுத்துக்கொள்வோம். கணித மேதை சீனிவாச ராமானுஜன் எவருடைய உதவியுமின்றித் தாமே பிரகாசித்தவர் என்று ஒரு கதை பாடப் புத்தகங்கள் மூலம் பரவியிருக்கிறது. அவருடைய மேதை அவருக்கே சொந்தம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த மேதை உலகத்தின் கண்ணில் பட்ட வழியோ, ஒரு கைமாற்றிலிருந்து இன்னொரு கைமாற்றாக நடந்த அறிமுகங்களின் வரிசை.

1910-ம் ஆண்டில் ராமானுஜன் எப்.ஏ. பரீட்சையில் தேறாதவர், விவாகமானவர், வருமானம் இல்லாதவர். அவ்வாண்டில் அவர் திருக்கோவலூருக்குப் போய், டிப்டி கலெக்டராயிருந்த வி. ராமஸ்வாமி அய்யரைக் கண்டு ஒரு குமாஸ்தா வேலை கேட்டார். அந்த டிப்டி கலெக்டரைத் தேடிப் போனதற்குக் காரணம் இருந்தது. இந்தியக் கணித சங்கத்தை 1907-ல் ஸ்தாபித்தவர் அவரே. ராமானுஜன் கையில் கொண்டு போனது தமது நோட்டுப் புத்தகம். அதைப் புரட்டிப் பார்த்த ராமஸ்வாமி அய்யர், ரெவினியூ இலாகாவின் கடைசிப் படியில் இவரை உட்கார வைப்பது தகாது என்று கருதி, சென்னையிலுள்ள கணித அன்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். கும்பகோணத்தில் ராமானுஜனை முன்னமே அறிந்திருந்த சேஷு அய்யர், அவரை நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவிடம் அனுப்பினார். ராவ் மாதம் 25 ரூபாய் தம் கைப்பொருளைக் கொடுத்து ஆதரித்தார். ஒருவர் தயவில் உண்ண ராமானுஜனுக்கு விருப்பமில்லை. 1912 மார்ச் 1-ந் தேதி சென்னைத் துறைமுக டிரஸ்டில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தார். அங்கே அவருக்கு மேலதிகாரியாக இருந்த எஸ். நாராயண அய்யரும் கணித சங்கத்தைச் சேர்ந்தவர். பகலில் கணக்குப் புத்தகம். இரவில் இருவரும் பலகையில் கணிதம். நாராயண அய்யர் மூலமாக டிரஸ்டின் தலைவர் சர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங்குக்கு விஷயம் தெரிந்தது. 1913-ல் துறைமுகத்துக்கு வந்த வானிலை இலாகாத் தலைவர் கில்பர்ட் வாக்கர், ராமானுஜனின் கணக்குகளைப் பார்த்துவிட்டுச் சர்வகலாசாலைக்கு எழுதினார். மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் கிடைத்தது.

கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு 1913 ஜனவரி 16-ந் தேதி எழுதிய கடிதத்தைப் பற்றி யாவரும் அறிவர். முன்பின் அறியாத ஒருவருக்கு எழுதிய கடிதம் அது. அதற்கு முன் வேறு இரண்டு ஆங்கிலப் பேராசிரியர்களுக்கு எழுதியதில் பயன் கிட்டவில்லை. மூன்றாவது கதவு திறந்தது. 1914 மார்ச்சில் கப்பல் ஏறியவர், 1918-ல் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினரானார்.

இந்தச் சரித்திரத்தில் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, ராமானுஜன் எந்த இடத்துக்கும் வெறுங்கையுடன் போகவில்லை என்பது. கணித சங்கத்தின் சஞ்சிகையில் 1911-ல் அவர் ஒரு கணக்கைப் போட்டு, விடை கூறுமாறு வாசகர்களைக் கேட்டிருந்தார். எவரும் விடை அனுப்பாததால் பின்னர் அவரே விடை கொடுத்தார். அவ்வாண்டிலேயே அவருடைய நீண்ட கட்டுரையொன்றும் அச்சாயிற்று. சென்னையில் அவருக்காகப் பேசியவர்கள் அவருடைய முகத்துக்காகவோ கண்ணீருக்காகவோ பேசவில்லை. காட்டுவதற்கு அவர்கள் கையில் அச்சிட்ட காகிதம் இருந்தது. அவரும் அவரை ஆதரித்தவர்களும் சந்தித்த களம் ஒரு சங்கம். ஒரே வித்தையில் ஆசையுள்ளவர்கள், சந்தா செலுத்தி நடத்திய சிறு சங்கம். அது 1907-ல் பிறந்திராவிட்டால் 1910-ல் திருக்கோவலூருக்கு ராமானுஜன் போவதற்கு ஒரு முகாந்திரமே இருந்திராது.

இன்னொன்றையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. திருக்கோவலூரிலும் சென்னையிலும் நெல்லூரிலும் ராமானுஜனுக்குக் கைகொடுத்த இந்தியர் நால்வரும் அவருடைய ஜாதியினரே. அவர்கள் குணத்தை நாம் குறை கூறவில்லை. அவர்கள் பார்த்தது வித்தையைத்தான். ஆனால் அதே 1910-ல் அதே நோட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தீண்டப்படாதவன் என்று ஒதுக்கப்பட்ட ஒரு வாலிபன் அந்தப் படிகளில் ஏறியிருக்க முடியுமா? நோட்டுப் புத்தகம் எழுதுமளவுக்குப் பள்ளிக்கூடமாவது அவனை உள்ளே விட்டிருக்குமா? வித்தையை நம்பிய அறிமுகங்கள்கூட, முதல் கதவைப் பிறப்பு திறந்துவிட்ட பிறகே வேலை செய்தன.

இப்பொழுதைய நிலைமை என்ன? 2021-22-ம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்குப்படி, தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை நூற்றுக்கு 47. தேச முழுவதற்கும் 28-தான். இது நாம் பெருமைப்பட வேண்டிய விஷயம். இவர்களில் எண்ணிறந்தோர் தங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரியை மிதித்தவர்கள். அவர்களுக்குச் சித்தப்பா, பெரியப்பா, மாமன், மைத்துனன் என்று உறவினருக்குப் பஞ்சமில்லை. ஆனால் எந்த ஆபீஸில் எந்த மாதம் ஆள் எடுக்கிறார்கள், பேட்டியில் என்ன கேட்பார்கள், எந்தச் சம்பளம் நியாயம் என்று சொல்ல அவர்களில் ஒருவராலும் முடியாது. அன்பு நிறைய இருக்கிறது, தகவல் இல்லை.

அமெரிக்காவில் மார்க் கிரானோவெட்டர் என்ற சமூக சாஸ்திரி, பாஸ்டன் நகரை அடுத்த நியூட்டன் என்ற ஊரில் உத்தியோகஸ்தர்களை விசாரித்து 1973-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தெரிந்தவர் மூலமாக வேலை அடைந்தவர்களை, அந்தத் தெரிந்தவரை அந்நாளில் எவ்வளவு அடிக்கடி பார்த்தீர்கள் என்று அவர் கேட்டார். அடிக்கடி பார்த்தவர் என்றது நூற்றுக்குச் சுமார் 17 பேர். எப்பொழுதாவது பார்த்தவர் என்றது 56 பேர். அபூர்வமாகப் பார்த்தவர் என்றது 28 பேர். அதாவது நெருங்கிய சிநேகிதரைவிடத் தூரப் பழக்கமுள்ளவரே வேலைக்கு வழிகாட்டியிருக்கிறார். யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியமில்லை. நமக்குத் தெரிந்ததே நம் நெருங்கிய சிநேகிதருக்கும் தெரியும். வேறு தெருவில் வேறு மனிதர்களோடு பழகுகிறவருக்குத்தான் நாம் அறியாத சேதி தெரியும். நம்மவர்களோ வேலை என்றவுடன் உறவினரிடம் ஓடுகிறார்கள்; அந்நியரிடம் கேட்பதை மானக்கேடாக எண்ணுகிறார்கள்.

உறவும் ஜாதியும் பழக்கத்துக்கு அஸ்திவாரமானால் விளையும் பலாபலன்களைத் தமிழ்நாட்டின் வியாபார சரித்திரத்திலேயே காணலாம். கோவிலுக்குள் நுழைய உரிமையற்றிருந்த நாடார் சமூகத்தினர், உறவின்முறை என்ற கட்டுப்பாட்டாலும் மகமை என்ற பொது நிதியாலும் பள்ளிகள் வைத்து, 1910-ல் மகாஜன சங்கம் கூட்டி, 1921-ல் தூத்துக்குடியில் பாங்கியும் ஏற்படுத்திக்கொண்டனர். வெளியில் எல்லாக் கதவுகளும் சாத்தப்பட்டிருந்தபொழுது அவர்கள் தமக்கென்று ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டதை எந்தத் தேசாபிமானியும் போற்றவே செய்வான். ஆனால் அதே முறை, செல்வாக்குள்ள ஜாதியாரின் கையில் வேறு பலனைத் தருகிறது. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலை ஆராய்ந்த பொருளாதார சாஸ்திரிகள் அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் 2004-ல் வெளியிட்ட முடிவு கவனிக்கத் தக்கது. உள்ளூர்ச் சமூகத்தின் ஆதரவுள்ளவர்கள் பெரிய முதலுடன் தொழில் தொடங்கினர். வெளியிலிருந்து வந்தவர்கள் சிறு முதலுடன் தொடங்கினர். ஆனால் சில ஆண்டுகளில் வெளியாரின் உற்பத்தி வேகமாக வளர்ந்து முந்திவிட்டது. பணம் திறமையைத் தேடிப் போகாமல் உறவைத் தேடிப் போயிற்று என்பது இதன் பொருள். இதனால் நஷ்டம் வெளியாருக்கு மட்டுமா? தேசத்துக்கும் நஷ்டந்தான்.

சம்பள வேலையில் இது இன்னும் கொடிய உருவம் எடுக்கிறது. சுகதேவ் தோரட், பால் அட்டவெல் என்ற இருவர் பத்திரிகை விளம்பரங்களுக்குச் சம தகுதியுள்ள விண்ணப்பங்களை, பெயரை மட்டும் மாற்றி அனுப்பிப் பார்த்தார்கள். மேல்ஜாதிப் பெயருக்குக் கிடைத்த பேட்டி வாய்ப்போடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கும் முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்குமே கிடைத்ததென்று 2007-ல் வெளியிட்டார்கள். இது வடநாட்டுச் சங்கதி, நம் பெயரோடு ஜாதிப் பட்டம் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். 1929-ல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மகாநாடு ஜாதிப் பட்டங்களை விட்டுவிடும்படி தீர்மானித்தது. தமிழர் பெரும்பாலும் அதற்கு இணங்கியும் விட்டனர். ஆயினும் பட்டம் போன இடத்தில் ‘எந்த ஊர், எந்தத் தெரு, யாருடைய பிள்ளை’ என்ற விசாரணை வந்து உட்கார்ந்துகொண்டது. சிபார்சு செய்பவருக்கு இந்த மூன்று கேள்வி போதும்.

பெண்கள் விஷயத்திலும் ஒரு வார்த்தை. ஆண்களின் தொழிற்பழக்கம் பெரும்பகுதி டீக்கடையிலும், ஆபீஸ் விட்ட பிறகு நடக்கும் சம்பாஷணையிலும், கூடித் தங்கும் விடுதி அறைகளிலும் வளர்கிறது. ஐந்தரை மணிக்குப் பஸ் பிடித்து வீடு திரும்ப வேண்டிய பெண்ணுக்கு அங்கே இடம் எது? எங்கள் கம்பெனி எல்லோருக்கும் சமம் என்று மார்தட்டும் நிர்வாகிகள், தங்கள் ரெபரல் பட்டியலில் பெண்கள் எத்தனை பேர் என்று ஒரு முறை எண்ணிப் பார்க்கட்டும்.

இத்துறையில் ஓர் அந்நிய ஸ்தாபனம் புகுந்திருப்பதையும் நாம் கவனிக்க வேண்டும். 2003-ல் அமெரிக்காவில் தொடங்கிய லிங்க்ட்இன் என்ற கம்பெனி, உத்தியோகஸ்தர்களின் பழக்கங்களையே சரக்காகக் கொண்டு வியாபாரம் செய்கிறது. 2016-ல் மைக்ரோஸாப்ட் கம்பெனி இதை 2,600 கோடி டாலருக்குமேல் கொடுத்து வாங்கிற்று. திண்டிவனத்துப் பெண்ணொருத்தி பெங்களூரில் உள்ள நிபுணரோடு ஜாதி, தெரு பாராமல் பேச இது வழி செய்கிறது என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். அதன் மறுபுறத்தையும் பார்க்க வேண்டும். 2015 முதல் 2019 வரை அந்தக் கம்பெனி, யாருக்கு யாரை அறிமுகம் செய்வது என்ற முறையை மாற்றி மாற்றி வைத்து, இரண்டு கோடி அங்கத்தினர்மீது பரிசோதனை நடத்தியது. தூரப் பழக்கமே வேலைக்கு அதிகம் உதவுகிறது என்ற பழைய முடிவு 2022-ல் வெளியான அறிக்கையில் பெரும்பாலும் ஊர்ஜிதமாயிற்று. பரிசோதனைக்கு ஆளானவர்களுக்கு அது அப்பொழுது தெரியாது. ஒருவனுடைய பிழைப்பு வழியைத் திருப்பும் கைப்பிடி, அவன் கண்ணுக்குத் தெரியாத ஓர் அறையில் இருக்கிறது. உப்புக்கும் துணிக்கும் அந்நியனை எதிர்பார்த்திருந்த காலத்தில் ரோஷப்பட்ட நாம், நம் பிள்ளைகளின் அறிமுகங்களையே அந்நியனிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாயிருப்பது விசித்திரமே.

வாலிபர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது சொற்பம். பழக்கம் தேடுவது பிச்சையன்று. செய்த வேலையைக் காட்டி ஆலோசனை கேட்பதில் இழிவு ஒன்றுமில்லை. முதல் கடிதத்திலேயே வேலை கேட்பவனுக்குப் பதில் வருவது அபூர்வம். தன் வேலையைப் பற்றித் தெளிவாக ஒரு சந்தேகம் கேட்பவனுக்குப் பதில் எழுத மனிதர்கள் விரும்புகிறார்கள். கிடைத்த ஆலோசனையின்படி நடந்து, என்ன விளைந்தது என்று திரும்ப எழுதுபவர் நூற்றில் சிலரே. அவர்களைப் பெரியவர்கள் மறப்பதில்லை. காரியம் முடிந்ததும் முகம் காட்டாமல் இருந்துவிட்டு, அடுத்த வேலை போகும்பொழுது ஓடி வருபவனைக் கண்டு கதவு சாத்தப்பட்டால் குற்றம் கதவினுடையது அன்று. வேலையில் அமர்ந்தவன், தனக்குத் தெரியவந்த காலியிடத்தைத் தன் வகுப்புத் தோழர்களில் உறவில்லாத ஒருவருக்காவது சொல்ல வேண்டும். பழக்கத்தைக் காப்பாற்றுவது என்பதில் பெரும்பகுதி இதுதான். தன்னைவிட மேலே இருப்பவரிடம் காட்டும் மரியாதையைக் கீழே இருப்பவரிடமும் காட்டினால், பத்து ஆண்டில் அவரில் யார் எந்த நாற்காலியில் அமர்வார் என்பது எவருக்குத் தெரியும்?

ஆனால் முழுப் பொறுப்பையும் வாலிபர் தலையில் சுமத்துவது நியாயமில்லை. கம்பெனிகள் ரெபரல் மூலம் ஆள் எடுக்கட்டும். ஆனால் ஒவ்வொரு காலியிடத்தையும் பகிரங்கமாக விளம்பரம் செய்த பிறகே எடுக்கவேண்டும். காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் 1959 முதற்கொண்டு இருந்து வந்ததை எத்தனை தனியார் முதலாளிகள் பொருட்படுத்தினார்கள்? வெளியாட்களுக்குத் தெரியாமல் உள்ளுக்குள்ளேயே நிரப்பப்படும் இடம், தகுதியைச் சோதிக்காமலே கொடுத்துவிட்ட இடம் என்றுதான் கொள்ளவேண்டும்.

பொதுக் காரியத்தில் ஈடுபட்டுள்ள நமது ஊழியர்களுக்கு இதில் ஒரு வேலை காத்திருக்கிறது. சுதந்திர இந்தியாவில் முதன்முதலாக நூல்நிலையச் சட்டம் செய்தது 1948-ல் சென்னை மாகாணம். அதன் பயனாக இன்று தமிழ்நாட்டில் ஊர்தோறும் கிளை நூலகம் என்று ஒரு பொதுக் கட்டிடம் இருக்கிறது. மாலை வேளையில் அங்கே பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அந்த ஊரிலிருந்து போய் வெளியில் இஞ்சினீயராகவும், நர்ஸாகவும், கணக்கராகவும், வக்கீலாகவும் உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையேனும் திருவிழாவுக்கோ பொங்கலுக்கோ வரத்தான் செய்கிறார்கள். அவர்களில் எந்த மாணவர் கேட்டாலும் பதில் சொல்லச் சம்மதிப்பவர்களின் பதிவுப் புத்தகம் ஒன்று அந்த நூலகத்தில் இருக்கவேண்டும். ஊர் வாலிபர் இருவர் பொறுப்பேற்றால் ஒரு பொங்கல் விடுமுறைக்குள் இதை முடித்துவிடலாம். அப்புத்தகத்தில் தகப்பனார் பெயருக்கோ ஜாதிக்கோ ஒரு கட்டம் வேண்டாம். பெயர், தொழில், வேலை பார்க்கும் ஊர், எந்த நாளில் எந்த நேரத்தில் பேசலாம் என்ற நான்கு விவரங்கள் போதும்.